கைக்கு வந்த தொழிலும் காகிதத்தில் வரும் பட்டமும்



'பி.ஏ.' என்னும் இரண்டு எழுத்துகளைக் கண்டவுடன் உங்கள் உள்ளத்தில் தோன்றுவது எது? என்னைப் போன்றோர்க்கு, வரலாறோ பொருளாதாரமோ படித்துப் பெற்ற இளங்கலைப் பட்டம் தோன்றும். அரசு அலுவலகங்களுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு, அதிகாரியின் அறைவாசலில் அமர்ந்து 'ஐயா கூட்டத்தில் இருக்கிறார்' என்று சொல்லும் உதவியாளர் தோன்றுவார். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது பி.ஏ. ஒன்று உண்டு. 'பிசிஷியன் அசிஸ்டண்ட்' என்பது அதன் விரிவு. மருத்துவரின் பொறுப்பில், அவரோடு இணைந்து நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கணித்து, அமெரிக்காவில் மருந்துச்சீட்டும் எழுதித் தரும் பணி அது. இம்மாதம் நாம் பேசப் போவது அந்தப் பி.ஏ.வைப் பற்றித்தான்.

பேச வைத்தவர் ஒரு தந்தை. சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். அறிமுகமான ஒருவர் நாலாக மடித்த ஒரு காகிதத்துடன் அருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், நீங்கள் ஓதியவர் மட்டுமல்லர், படித்தவரும்கூட. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவருடைய மகள் சென்னையில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டண்ட் படிப்பை முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் பணியாற்றுகிறாள். அக்காகிதம் ஒரு கல்வி முகவர் கொடுத்தது. பணியிலிருக்கும் பிசிஷியன் அசிஸ்டண்டுகள் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் அமெரிக்க முதுகலைப் பட்டம் பெறலாம் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. அச்சில் இல்லாத ஒன்றையும் முகவர் வாயால் சொல்லியிருந்தார். அப்பட்டம் கையில் வந்துவிட்டால் அமெரிக்காவிலேயே இதே வேலைக்குச் சேரலாமாம். கட்டணத்திற்காக, மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த நகையில் ஒரு பகுதியை விற்பதா அடகு வைப்பதா என்பதே அவருடைய கவலை. படிப்பைப் பற்றி அவருக்கு ஐயமே இல்லை.

எனக்கு ஐயம் இருந்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்தறிந்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். இக்காகிதம் அவர் ஒருவர் வீட்டிற்கு மட்டும் வந்திருக்காது.

இத்தொழில் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கார்லண்ட் என்றொரு சிற்றூர். அங்கே ஏமோஸ் ஜான்சன் என்ற பொது மருத்துவர் இருந்தார். அவரிடம் ட்ரெட்வெல் என்னும் கறுப்பின உதவியாளர் ஒருவர் 1940களிலிருந்து பணி செய்தார். மருத்துவக் கல்லூரியின் படியை மிதிக்காதவர். ஆனால் மருத்துவரின் அருகில் நின்று நின்றே தொழிலைக் கற்றுக்கொண்டார். ஜான்சன் வெளியூர் சென்ற நாட்களிலும் நோயாளிகள் ட்ரெட்வெல்லைத் தேடி வந்தார்கள். அதே மாநிலத்தின் டர்ஹம் நகரில் உள்ள ட்யூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த டாக்டர் யூஜின் ஸ்டெட், இந்த ஏற்பாட்டை அறிந்திருந்தார். ஒரு மருத்துவர் ஒருவரை இவ்வாறு உருவாக்க முடியுமானால் ஒரு பல்கலைக்கழகம் பலரை உருவாக்க இயலாதா என்று எண்ணினார்.

முதலில் செவிலியர்க்கு மேற்பயிற்சி தந்து பார்த்தார். அத்திட்டத்திற்குச் செவிலியர் கல்வி அமைப்பின் அங்கீகாரம் கிட்டவில்லை. பிறகு அவர் பார்வை கடற்படையின் பக்கம் திரும்பியது. கப்பலிலும் போர்க்களத்திலும் காயம்பட்டோர்க்கு மருத்துவம் செய்த வீரர்கள், படையை விட்டு விலகி ஊர் திரும்பியதும் அந்தத் திறமைக்கு ஏற்ற வேலை ஒன்றும் இல்லாமல் நின்றார்கள். நாட்டிலோ மருத்துவர் பற்றாக்குறை. அவ்வீரர்களில் நால்வரைக் கொண்டு 1965-ஆம் ஆண்டு ஈராண்டுப் பயிற்சி தொடங்கிற்று. 1967 அக்டோபர் 6 அன்று மூவர் தேறி வெளிவந்தனர். அவர்கள் பெற்றது சான்றிதழ்தான், முதுகலைப் பட்டமன்று.

வாசகர்களே, இந்த இடத்தில் எனக்கு நம் மதரஸாக்களின் ஸனது நினைவிற்கு வருகிறது. 'இவர் இத்தனை மதிப்பெண் பெற்றார்' என்பதன்று அதன் உயிர். 'இவர் என்னிடம் ஓதினார், நான் கேட்டேன், பிறருக்கு ஓதிக்கொடுக்க இவருக்கு நான் அனுமதி தருகிறேன்' என்பதே அது. ஆசிரியரின் முன் அமர்ந்திருந்த காலம்தான் அங்கே தகுதி. கார்லண்டில் ட்ரெட்வெல் பெற்றிருந்ததும் ஏறத்தாழ அத்தகைய இஜாஸத்தே. அதை எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

காலம் செல்லச் செல்ல, எழுதிக் கொடுப்பது பெருகிற்று. 1973-இல் முதல் தேசியத் தேர்வு நடந்தது. சில கல்லூரிகள் சான்றிதழும், சில இளங்கலைப் பட்டமும் தந்தன. முதுகலை தரும் கல்லூரிகள் மெல்ல அதிகரித்தன. இறுதியில், இப்படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு ஒரு வரம்பு கட்டியது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு சேரும் மாணவர் எவருக்கும், எந்தக் கல்லூரியானாலும், முதுநிலைப் பட்டமே தரவேண்டும். தராத கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லை. இன்று இருபத்தைந்து வயதில் வெளிவரும் ஒவ்வொருவர் கையிலும் முதுகலைப் பட்டம் இருக்கிறது.

அப்படியாயின், பழையவர்களின் நிலை என்ன?

அமெரிக்காவில் இன்று இத்தொழிலில் சான்று பெற்றவர்கள் ஒன்றரை இலட்சத்திற்கும் அதிகம். பத்தில் ஏழு பேர் அளவில் பெண்கள். இவர்களுள் முன்னர்ப் பயின்ற ஒரு பகுதியினர் சான்றிதழோ இளங்கலையோ மட்டும் உடையவர்கள். இருபதாண்டு, முப்பதாண்டு நோயாளிகளைப் பார்த்தவர்கள். சட்டம் அவர்களின் வேலையைப் பறித்துவிடவில்லை. பெற்ற உரிமம் செல்லும். ஈராண்டிற்கு ஒரு முறை நூறு மணி நேரம் தொடர்கல்வி கற்றதாகக் காட்ட வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு முறை சான்றினைப் புதுப்பிக்கும் தேர்வு முறையைக் கடக்க வேண்டும். இவை எல்லார்க்கும் பொது. ஆனால் அவர்கள் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு நகர நினைக்கும்போதுதான் முட்டுகிறது. ஓஹாயோ மாநிலச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக உரிமம் கேட்பவரிடம் அது முதுகலைப் பட்டம் கேட்கிறது. பழைய படிப்பை உடையவராயின், இத்தொழிலுக்குத் தொடர்புடைய மருத்துவ நோக்குள்ள பாடத்தில் தனியாக ஒரு முதுகலை பெற்றிருந்தாலும் ஏற்கிறது. வேறு மாநிலத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியோர்க்கு விலக்கும் வைத்திருக்கிறது. விரிவுரையாளராக ஆசைப்படுவோரையும், நிருவாகப் பதவிக்கு விண்ணப்பிப்போரையும் அதே கேள்விதான் வாசலில் நிறுத்துகிறது.

இவர்களுக்காகத் தோன்றியதே பணியிலிருப்போர்க்கான இணையவழி முதுகலை. நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையம், பென்சில்வேனியாவின் செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகம், ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகம் முதலியவை இத்தகைய படிப்பை நடத்தியிருக்கின்றன. சேர்வதற்கு அடிப்படைத் தகுதி, ஏற்கெனவே அமெரிக்காவில் இத்தொழிற்படிப்பை முடித்தவராக இருத்தல். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

அங்கே என்ன கற்றுக் கொடுக்கிறார்கள்? காயம் தைப்பதையா? அது அவர்கள் உறக்கத்திலும் செய்வது. புள்ளியியல், நோய்ப்பரவலியல், ஆய்வுக் கட்டுரையை அலசிப் படிக்கும் முறை, மருத்துவச் சட்டமும் அறநெறியும், நிருவாகம், இறுதியில் ஓர் ஆய்வுத் திட்டம் என்பன பொதுவான பாடங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாடம், அல்லது இரண்டு. பன்னிரண்டு மணி நேரம் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றுவிட்டு, வீடு திரும்பி, குழந்தைகளை உறங்க வைத்துவிட்டுக் கணினியின் முன் அமரவேண்டும்.

இதனால் என்ன பயன், வெறும் காகிதம்தானே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றிற்று. ஆனால் ஓர் எடுத்துக்காட்டு என் எண்ணத்தைச் சற்று மாற்றியது. மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர் வந்து, 'எங்கள் மாத்திரை மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கிறது' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொன்னது பொய்யன்று. மாத்திரை உண்ணாத நூறு பேரில் இருவருக்கு வந்தது. உண்ட நூறு பேரில் ஒருவருக்கு வந்தது. இரண்டு ஒன்றாவது பாதிதானே? ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒருவர் தப்புவதற்கு நூறு பேர் அம்மாத்திரையை விழுங்க வேண்டும். அதன் விலையையும் பக்கவிளைவையும் நூறு பேரும் சுமக்க வேண்டும். இருபதாண்டு அனுபவம் நாடியைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும். இந்தப் 'பாதி'யைப் பிரித்துப் பார்க்க அதுவாகவே கற்றுக்கொடுப்பதில்லை. இதை ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். நடு வயதில் இதைக் கற்ற ஒருவர் மறுநாள் எழுதும் மருந்துச்சீட்டு மாறக்கூடும்.

ஆகவே கல்வி அதில் இருக்கிறது. ஆனாலும் உரிமையில் மாற்றமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டத்திற்கு முன்பு எந்த நோயாளியைப் பார்த்தாரோ அதே நோயாளியைத்தான் பின்பும் பார்க்கிறார். அதே உரிமம், அதே மருத்துவர் கூட்டு. சம்பளம் உயரும் இடங்களும் உண்டு, உயராத இடங்களும் உண்டு. முதுகலை முடிந்ததும் இப்போது இணையவழி முனைவர் பட்டமும் வந்துவிட்டது. ஏணியில் ஒரு படி ஏறியவுடன் மேலே இன்னொரு படியை ஆணி அடித்துச் சேர்ப்பது கல்வி நிலையங்களுக்குக் கைவந்த கலை. ஒரு சான்றிதழ், ஈராண்டுப் பயிற்சி என்று தொடங்கிய தொழில் இன்று பெருங்கடன் வாங்கிப் படிக்கும் தொழிலாகிவிட்டது. அன்றைய கடற்படை வீரர் இன்று வந்து நின்றால், முதலில் இளங்கலை முடித்து வா என்று திருப்பி அனுப்புவார்கள். இதை முன்னேற்றம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயருக்கும் இதே கதிதான். 'அசிஸ்டண்ட்' என்ற சொல் தாழ்வாக ஒலிக்கிறதென்று 2021-இல் அமெரிக்காவில் இவர்களின் சங்கம் 'பிசிஷியன் அசோசியேட்' என்று பெயரை மாற்றிக்கொள்ள வாக்களித்தது. இங்கிலாந்திலோ, 'அசோசியேட்' என்று வழங்கிய பெயரை 'அசிஸ்டண்ட்' என்று மாற்றும்படி 2025-இல் அரசு அமைத்த ஆய்வு பரிந்துரைத்தது. ஒரு கரையில் இறக்கிய மூட்டையை மறுகரையில் ஏற்றுகிறார்கள்.

பணியிலிருந்துகொண்டே படிப்பது என்பதைப் பற்றி அடியேனுக்கும் சிறிது தெரியும். காலையிலும் மாலையிலும் மதரஸாவில் ஓதிக்கொடுத்துக்கொண்டே அஞ்சல் வழியில் என் பட்டத்தைப் பெற்றேன். ஒரு முறை தேர்வு முடிந்து பதினைந்து நாள் கழித்துப் பாடப் புத்தகக் கட்டு வந்து சேர்ந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். இஷாவுக்குப் பின் விளக்கடியில் அமர்ந்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்படியும் அந்தப் படிப்பு எனக்குப் பயன்பட்டது. ஏனெனில் ஆசிரியத் தொழில் ஏற்கெனவே என் கையில் இருந்தது. பட்டம் அதன்மேல் போர்த்திய சால்வை. சால்வையைப் போர்த்திக்கொண்டதால் எவரும் ஆசிரியராகிவிட முடியாது. இப்போது, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வரிக்கு வருவோம்.

அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டண்ட் ஆக, ஒரு தேசியத் தேர்வில் தேற வேண்டும். அத்தேர்வை எழுத, அந்நாட்டு அங்கீகார அமைப்பு ஏற்ற தொழிற்படிப்பில் தேறியிருக்க வேண்டும். அப்படிப்பு பெரும்பாலும் இரண்டேகால் ஆண்டு அளவில் நீளும். அதில் ஏறத்தாழப் பாதி, மருத்துவமனைகளில் நேரில் நின்று பெறும் பயிற்சி. நம் நாட்டு பி.எஸ்சி. அந்தப் படிப்பாகாது. வேறு நாட்டில் மருத்துவப் பட்டமே பெற்ற டாக்டரானாலும், அவரும் அந்தப் படிப்பில் முதலிலிருந்து சேர்ந்தாக வேண்டும், விலக்கு இல்லை. பணியிலிருப்போர்க்கான இணையவழி முதுகலையோ, அத்தேர்வுக்கு வழி விடும் படிப்பே அன்று. அது அத்தேர்வைத் தாண்டி வந்தவர்களுக்கானது. சென்னையிலிருந்து ஒருவர் எப்படியோ அதில் சேர்ந்து முடித்துவிட்டாலும், கையில் ஒரு காகிதம் இருக்கும். தேர்வுக் கூடத்தின் கதவு திறக்காது.

இதில் ஒரு குழப்பத்திற்கும் இடம் உண்டு. தொழிற்படிப்பையே இணையத்தில் நடத்தும் கல்லூரிகளும் அமெரிக்காவில் இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகம் 2018-இல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. 'யேலே இணையத்தில் தருகிறதே' என்று முகவர் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் அங்கே பாடம்தான் திரையில். நோயாளியின் அருகில் நிற்கும் பயிற்சி மருத்துவமனையில், நேரில். இரண்டிற்கும் 'ஆன்லைன்' என்ற ஒரே பெயர். ஒன்று தொழிலுக்குள் நுழைவது, மற்றொன்று நுழைந்தவர் மேலே படிப்பது. முகவரின் காகிதத்தில் இருந்தது இரண்டாவது வகை.

இங்கே நம் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தொழிலை இந்தியாவிற்குக் கொண்டுவந்ததே சென்னைதான். 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் இப்பயிற்சியைத் தொடங்கினார். இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ்ப் பல கல்லூரிகளில் இது பட்டப்படிப்பாக இருக்கிறது. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய சுகாதாரத் துறைத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் பட்டியலிலும் இத்தொழிலுக்கு இடம் கிடைத்துள்ளது. அச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாதென்று 2025-இல் யு.ஜி.சி. தடை விதித்துவிட்டது. ஆகவே, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொல்லி இதே படிப்பை இணையத்தில் தருவதாக யாரேனும் வந்தால், அவரிடம் நீங்கள் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம். அதற்குமேல் ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தந்தை வந்தார். இந்த முறை மகளும் உடன் வந்திருந்தாள். இரவுப் பணி முடித்து ஊருக்கு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. நான் அறிந்ததை எல்லாம் சொன்னேன். தந்தை நெடுநேரம் பேசவில்லை. மகள்தான் கேட்டாள்: "அப்படியானால் எனக்கு வழியே இல்லையா, ஹஜ்ரத்?"

"வழி இருக்கிறதம்மா, குறுக்கு வழிதான் இல்லை" என்றேன். அமெரிக்காவுக்கே போக வேண்டுமென்றால், அங்குள்ள தொழிற்படிப்பில் மற்றவர்களைப் போல முதலிலிருந்து சேர வேண்டும். நம் பட்டத்தை அவர்கள் மதிப்பிட்டு ஏற்க வேண்டும். நோயாளிகளுடன் பணியாற்றிய மணிக்கணக்கை அங்குள்ள பல கல்லூரிகள் சேர்க்கையில் எதிர்பார்க்கின்றன. அந்த வகையில் அவளுடைய இரவுப் பணிகள் வீணல்ல. செலவு பெரிது. விசாவும் எளிதன்று. அதை மறைக்காமல் சொன்னேன்.

அவள் சற்று யோசித்துவிட்டு, "புள்ளியியல் பற்றிச் சொன்னீர்களே, அந்த நூறு பேர் கணக்கு, அதை மட்டும் எங்கே படிக்கலாம்?" என்று கேட்டாள். தந்தை வியப்புடன் மகளைப் பார்த்தார். பட்டமில்லாமல், சான்றிதழ்கூட இல்லாமல், அப்பாடங்களை விலையின்றிக் கற்பிக்கும் வழிகள் இன்று இணையத்தில் இருக்கின்றன. இரண்டினைக் குறித்துக் கொடுத்தேன்.

முகவருக்கு என்ன பதில் சொல்வது என்று தந்தை தயங்கினார். கேள்வியாகவே எழுதி அனுப்பும்படி சொன்னேன். அங்கேயே அமர்ந்து ஒரே வரியில் எழுதினோம்: 'இப்பட்டம் பெற்ற பின் என் மகள் அமெரிக்காவில் இத்தொழிலுக்கான தேசியத் தேர்வை எழுத இயலுமா? ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் தெரிவிக்கவும்.'

எழுத்தில் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, இந்த மாதத்திற்குள் சேர்ந்தால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டென்று சொன்னார்களாம். நகை பெட்டியிலேயே இருக்கிறது.